டிரைவர் கண்ணுல நீங்க எப்போ படுறீங்க? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழைப் படிக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். நான் இருக்கறது இங்கிலாந்துல கென்ட் பக்கம் ஒரு கிராமம். நவம்பர்ல ஒரு நாள் மத்தியானம் மூணு மணி இருக்கும், சாய்ஞ்ச வெயில், நான் கரும்பச்சை ஜாக்கெட் போட்டுட்டு செம்பழுப்பு குதிரைமேல சின்ன ரோடு ஒண்ணுல போயிட்டு இருந்தேன், ரெண்டு பக்கமும் மரம் கவிஞ்சு குகை மாதிரி இருக்கும் அந்த இடம். பின்னாடி வந்த கார் பிரேக் அடிச்சு நின்னப்போ அதோட பானெட்டுக்கும் என் குதிரை வாலுக்கும் நடுவுல ஒரு குதிரை நீளம்கூட இல்ல. கார்லேர்ந்து இறங்கின வயசான அம்மா கை நடுங்க நின்னுட்டு "நீ அங்க இருந்ததே எனக்குத் தெரியலம்மா, தெரியவே இல்ல" ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. அவங்க வேகமாவும் வரல, போனையும் பாக்கல. வெயில்லேர்ந்து நிழலுக்குள்ள நுழைஞ்ச அந்த ரெண்டு மூணு நொடி அவங்க கண்ணுக்கு நானும் குதிரையும் நிழலோட நிழலாத்தான் இருந்திருக்கோம். அன்னையிலேர்ந்து பளிச்சுன்னு தெரியற ஹை-விஸ் துணி இல்லாம நான் குதிரையை ரோட்டுக்கு கொண்டு போறதில்ல. இதை எழுதினதும் வந்த கேள்விகள்ல சிலதுக்கு இங்க பதில் சொல்றேன்.

அக்கா, என் பொண்ணுக்கு 12 வயசு, சனிக்கிழமை குதிரை கிளாஸுக்குப் போறா. ரோட்டுல கூட்டிட்டுப் போற அன்னைக்கு மஞ்சள் டேபார்ட் (சட்டைக்கு மேல போடற கையில்லாத பளிச் மேலாடை) போட்டே ஆகணும்னு சொல்றாங்க, அவ அசிங்கமா இருக்குன்னு அழறா. சட்டப்படி கட்டாயமா இது?
வாசகி, லெஸ்டர்

சட்டப்படி கட்டாயம் இல்லம்மா. இங்க சட்டம் கட்டாயமாக்கினது ஹெல்மெட்டை மட்டும்தான், அதுவும் 14 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்க ரோட்டுல குதிரை ஏறும்போது. அதுக்குன்னே 1990ல ஒரு சட்டம் போட்டாங்க. ஹை-விஸ் பத்தி ஹைவே கோட், அதாவது இங்கத்த ரோட்டு விதிப் புத்தகம், அதோட 50வது விதி சொல்லுது, பகல்ல வெளிர் நிறம் இல்லன்னா ஃப்ளோரசன்ட் துணி போடுங்க, ராத்திரியோ வெளிச்சம் கம்மியா இருக்கும்போதோ போக வேண்டி வந்தா ரிஃப்ளெக்டிவ் போடுங்கன்னு. அது அறிவுரை, மீறினா ஃபைன் கிடையாது. ஆனா அறிவுரைதானேன்னு தள்ளிடவும் முடியாது, ஏன்னா 1988 ரோடு டிராஃபிக் சட்டத்துலயே இருக்கு, ஹைவே கோடை ஒருத்தர் பின்பத்தலங்கறதை விபத்து கேஸ்ல கோர்ட்டு முன்னாடி எடுத்து வைக்கலாம்னு. நஷ்டஈடு கேக்கறப்போ "இவங்க கண்ணுல படற மாதிரி எதுவும் போடல" ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிப்பார்.

இதெல்லாம் பெரியவங்களுக்கு. உங்க பொண்ணுகிட்ட சட்டம் பேச வேண்டாம், ஒரு நாள் சாயங்காலம் கார்ல உக்கார வெச்சு கிராமத்து ரோட்டுல கூட்டிட்டுப் போங்க, நடந்து போறவங்க, சைக்கிள்ல போறவங்கள்ல யாரை முதல்ல பாக்கறேன்னு அவளையே சொல்லச் சொல்லுங்க. என் அக்கா பையன்கிட்ட இதைச் செஞ்சு பாத்தேன், கறுப்பு ஹூடி போட்ட ஒருத்தரை நாங்க கிட்ட போற வரைக்கும் அவன் பாக்கவே இல்ல, திடுக்கிட்டு சீட்டைப் பிடிச்சுட்டான். இன்னொண்ணு, மஞ்சள்தான் போடணும்னு இல்ல, பளிச் பிங்க்லயும் ஆரஞ்சுலயும் கிடைக்குது. அவளுக்குப் பிடிச்ச கலரை அவளே எடுக்கட்டும், எடுத்தது அவதானே, போட்டுப்பா.

குதிரை என்ன எலிக்குட்டியா, அவ்ளோ பெரிய மிருகம் டிரைவர் கண்ணுக்குத் தெரியாம போகுமா? இந்த ஹை-விஸ் எல்லாம் கம்பெனிக்காரங்க கிளப்பி விட்டதுன்னு என் நண்பர் சொல்றார், உங்க பதில் என்ன?
வாசகர், கோவென்ட்ரி

பெருசா இருந்தா தெரியும்னு நாமளா நினைச்சுக்கறோம். கண்ணுக்கு முதல்ல தட்டுப்படறது பின்னணிலேர்ந்து பிரிஞ்சு தெரியற பொருள்தான். பழுப்புக் குதிரை, பழுப்பு வேலிச்செடி, ஈரமான ரோடு, மேல மேகம், எல்லாம் ஒரே சாயல். அதுல ஃப்ளோரசன்ட் மஞ்சளோ பிங்க்கோ ஒரு கீத்து தெரிஞ்சா போதும், அது இயற்கையில அதிகம் பாக்காத நிறம், டிரைவர் மூளை உடனே "என்னது அது" ன்னு கேக்க ஆரம்பிச்சிடும்.

கணக்கா பாப்போம். இங்க கிராமத்து ரோடு நிறையத்துல வேக எல்லை மணிக்கு 60 மைல், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 96 கிலோமீட்டர். அந்த வேகத்துல கார் ஒரு நொடிக்கு 27 மீட்டர் போகும். ஹைவே கோட் கணக்குப்படி 60 மைல்ல வர்ற கார் முழுசா நிக்க 73 மீட்டர் வேணும், அதுல 18 மீட்டர் டிரைவர் யோசிச்சு கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே போயிடும், மீதி 55 மீட்டர் பிரேக் பிடிச்ச பிறகு. 30 மைல்னா மொத்தம் 23 மீட்டர். இதெல்லாம் காஞ்ச ரோட்டுக்கு, மழை பெஞ்ச ரோடுன்னா பிரேக் தூரம் ரெட்டிப்பாகலாம். இப்ப யோசிங்க, டிரைவர் உங்களை மூணு நொடி முன்னாடி பாத்தார்னா 60 மைல்ல அவருக்கு 80 மீட்டர் கூடுதலா கிடைக்குது, நிக்கறதுக்குத் தேவையான முழு தூரமும் அதுக்குள்ளயே அடங்கிடுது. உயிர் இருக்கறது அந்த 80 மீட்டர்லதான்.

இன்னொரு விஷயத்தை குதிரை ஏறாதவங்க யோசிக்க மாட்டாங்க. சைக்கிள்காரர் பக்கத்துல கார் திடீர்னு பிரேக் போட்டா அவர் திட்டிட்டுப் போயிடுவார். குதிரை அப்படி இல்ல, அது இரையா வாழ்ந்த மிருகம், பின்னாடி டயர் கிறீச்னு கத்தினா புலி பாஞ்ச மாதிரிதான் அதுக்கு, ஒரே எட்டுல நடு ரோட்டுக்குத் தாவிடும். நேர் பின்னாடி அதுக்குப் பார்வையும் கிடையாது, காது மட்டும்தான். அதனால டிரைவர் கடைசி நொடியில பாத்து இடிக்காம நின்னுட்டாலும் விபத்து நடக்கலாம். அவர் தூரத்துலயே பாத்து மெதுவா வேகத்தைக் குறைக்கணும், அதுக்குத்தான் இந்தத் துணி. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டிங்கற அமைப்புக்கு ரோட்டுல குதிரைங்களுக்கு நடந்த சம்பவம்னு 2022, 2023 ரெண்டு வருஷத்துலயும் வருஷத்துக்கு 3,000க்கு மேல புகார் போயிருக்கு. கம்பெனி கிளப்பி விட்டதுன்னு சொல்ற உங்க நண்பரை ஒரு நாள் எங்க லாயத்துக்குக் கூட்டிட்டு வாங்க, மரநிழல்ல குதிரையை நிறுத்திக் காட்டறேன்.

ஆனா அவர் சொல்றதுல ஒரு பாதி நியாயத்தை ஒத்துக்கறேன். ஹை-விஸ் போட்டதால கார் தானா மெதுவாகிடாது, பாத்துட்டும் உரசிட்டுப் போறவங்க இருக்காங்க. துணி டிரைவருக்கு நேரத்தைக் கொடுக்கும், அந்த நேரத்தை அவர் எப்படி செலவழிக்கறார்ங்கறது அவர் கையில.

ஃப்ளோரசன்ட், ரிஃப்ளெக்டிவ் ரெண்டும் ஒண்ணுதானே? கட்டட வேலைக்குப் போடற வெஸ்ட் வீட்டுல இருக்கு, அதையே போடலாமா?
வாசகர், மில்டன் கீன்ஸ்

ரெண்டும் வேற வேற, நிறைய பேர் ஏமாறறது இங்கதான். ஃப்ளோரசன்ட்ங்கறது நிறம், சூரிய வெளிச்சத்துல நம்ம கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கு பாருங்க, அதை வாங்கி கண்ணுக்குத் தெரியற வெளிச்சமா மாத்தித் தரும், அதனாலதான் அது தானே எரியற மாதிரி இருக்கு. மேகமூட்டத்துலயும் விடிகாலையிலயும் அந்தி நேரத்துலயும் நல்லா வேலை செய்யும். இருட்டினா ஒண்ணும் இல்ல. தெருவுல பழைய சோடியம் விளக்கு எரியும் பாருங்க, ஆரஞ்சு வெளிச்சம், அதுக்குக் கீழ அந்தப் பளிச் மஞ்சள் வெளுத்த பழைய சட்டை மாதிரி ஆயிடும். ரிஃப்ளெக்டிவ்ங்கறது அந்த வெள்ளிப் பட்டை, அதுல பொடிப்பொடியா கண்ணாடி மணிகள் இருக்கும், ஹெட்லைட் வெளிச்சம் எங்கேர்ந்து வருதோ அங்கயே திருப்பி அனுப்பும். ராத்திரியில டிரைவருக்கு அது தகதகன்னு தெரியும், பகல்ல வெறும் சாம்பல் பட்டை. அதனால ரெண்டும் வேணும்.

வீட்டுலயே பாக்கலாம். இருட்டினதும் டேபார்டை கதவுல மாட்டிட்டு இருபது அடி தள்ளி நின்னு, போன் டார்ச்சை உங்க கண்ணுக்குப் பக்கத்துல, கன்னத்தோட ஒட்டி வெச்சு அடிங்க. பட்டை பளீர்னு எரியணும். இப்ப போனை இடுப்புக்கு இறக்கிப் பாருங்க, மங்கிடும். வெளிச்சம் வந்த திசைக்கே திரும்பிப் போகுதுங்கறது அப்ப புரிஞ்சிடும். என் பழைய டேபார்டை இப்படி சோதிச்சப்போ முன்பக்கப் பட்டை எரிஞ்சுது, முதுகுப் பக்கம் சேறு காய்ஞ்சு திட்டுத்திட்டா செத்துக் கிடந்துச்சு. டிரைவர் பாக்கறது முதுகைத்தான், நான் கண்ணாடியில பாக்கறது முன்பக்கத்தை.

கட்டட வெஸ்ட் விஷயம். லேபிள்ல இஎன் ஐஎஸ்ஓ 20471னு போட்டிருந்தா அது வேலைக்காரங்களுக்கான தரம், பளிச்சுங்கறதுல குறை சொல்ல முடியாது. நடுத்தர ஆபத்துள்ள இடங்களுக்குன்னு இஎன் 17353னு ஒரு தரம் இருக்கு, அதுவும் நல்லதுதான். எந்த நம்பரும் இல்லாத மலிவு வெஸ்ட்டை மட்டும் நம்பாதீங்க. அப்புறம் கட்டட வெஸ்ட் தொளதொளன்னு இருக்கும், காத்துல படபடன்னு அடிச்சு குதிரையை மிரட்டும், அதனால உடம்போட ஒட்டி நிக்கற மாதிரி பட்டி வெச்சது வாங்குங்க. கீழ விழுந்தா காத்து நிரம்பற ஏர் வெஸ்ட் போடறவங்க அதுக்கு மேல இறுக்கமா எதையும் கட்டக்கூடாது, வெஸ்ட்டோட வந்த கையேட்டைப் படிச்சுட்டு செய்யுங்க.

மஞ்சளா, ஆரஞ்சா, பிங்க்கா? எங்கெங்க போடணும்? குதிரைக்கும் போடணுமா?
வாசகி, நார்த்தாம்ப்டன்ஷயர்

பின்னணிக்கு எதிரா எது நிக்குமோ அது. ஏப்ரல் மே மாசம் உங்க பக்கமெல்லாம் எண்ணெய்க்காக விதைக்கற ரேப்சீடுங்கற கடுகு மாதிரிச் செடி பூத்து ஏக்கர் கணக்குல மஞ்சளா கிடக்குமே, அதுக்கு முன்னாடி மஞ்சள் டேபார்ட் கரைஞ்சு போயிடும். இலையுதிர் காலத்துல ஆரஞ்சு அப்படித்தான். பிங்க் எந்தப் பருவத்துலயும் வயல்ல பெருசா இல்ல, அதனால என் ஓட்டு மஞ்சளும் பிங்க்கும் கலந்ததுக்கு.

எங்க போடறதுங்கறதுக்கு நீங்க டிரைவர் சீட்டுல உக்காந்து யோசிக்கணும். வளைவுல வேலிச்செடிக்கு அந்தப் பக்கம் நீங்க வர்றீங்க, அவருக்கு முதல்ல தெரியறது என்ன? குதிரை இல்ல, உங்க ஹெல்மெட். அதனால ஹெல்மெட்டுல பளிச் பட்டை. பின்னாடியிலேர்ந்து வர்றவருக்குத் தெரியறது குதிரையோட பிட்டமும் வாலும், அதுக்கு மேல உங்க முதுகு. வாலுக்கு டெயில் கார்டு, பிட்டத்துக்கு மேல ஒரு ஷீட். எதிர்ல வர்றவருக்கு மார்புப் பட்டையும் கடிவாளத்துல சுத்தின பட்டையும்.

டேபார்டுக்கு அடுத்தபடியா இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னு யாராவது கேட்டா, நான் சொல்றது குதிரை கால்ல, குளம்புக்கு மேல கணுவுக்கு மேல கட்டற ரிஃப்ளெக்டிவ் பட்டைகள். விலையும் கம்மி. இருட்டுல ஒரே இடத்துல நிக்கற வெளிச்சத்தைப் பாத்தா அது வேலிக்கதவா, கம்பமா, குப்பைத்தொட்டியான்னு டிரைவருக்குத் தெரியாது. நாலு வெளிச்சம் மாறி மாறி தூக்கி வெச்சு நடந்தா உடனே இது ஒரு உயிர்னு மூளைக்குத் தெரிஞ்சிடும். குன்னார் யோஹான்சன்னு சுவீடன் உளவியலாளர் 1973லயே இதைக் காட்டினார், ஆளோட மூட்டுகள்ல மட்டும் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளி வெச்சு இருட்டுல நடக்க விட்டா, பாக்கறவங்க அது மனுஷன் நடக்கறதுன்னு சட்டுனு சொல்லிடறாங்க, நின்னா மட்டும் அர்த்தமில்லாத புள்ளிகளா தெரியுது. ஹைவே கோட் 51வது விதியிலயும் ராத்திரி போனா இந்தக் கால் பட்டையைத்தான் சொல்றாங்க, கூடவே முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு காட்டற விளக்கு ஒண்ணை வலது கையிலயோ காலிலயோ கட்டச் சொல்றாங்க. ஏன் வலதுன்னா இங்கயும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் போறோம், கார் தாண்டறது நம்ம வலது பக்கத்துல. ஆனா அதே விதியோட முதல் வரி, ராத்திரி ரோட்டுல போகாம இருக்கறதே நல்லதுன்னு. டிசம்பர்ல இங்க நாலு மணிக்கே சூரியன் போயிடறான், ஆபீஸ் முடிஞ்சு லாயத்துக்கு வர்றவங்க வார நாள்ல வெளிய சவாரி போகாம உள்ளயே வளையத்துல ஓட்டுங்க, தயவுசெஞ்சு.

என் குதிரைக்கு அந்த மஞ்சள் துணியைப் பாத்தாலே பயம், எடுத்தா பின்வாங்குது. கலர் பயமா?
வாசகர், சர்ரே

கலரைவிட சத்தத்துக்குத்தான் பயம்னு தோணுது. குதிரைக்கு நீலமும் மஞ்சளும் நல்லா தெரியும், சிவப்பையும் பச்சையையும்தான் பிரிச்சுப் பாக்க முடியாது, அதனால மஞ்சள் அது கண்ணுக்குத் தெரியும்தான், ஆனா பதற வைக்கறது வெல்க்ரோவைப் பிய்க்கும்போது வர்ற அந்த "சர்ர்ரக்" ங்கற சத்தம். ஷீட்டோட நைலான் சரசரப்பும் சேந்துக்கும். எங்க லாயத்துல ஒரு பெண் குதிரை அப்படித்தான் இருந்தா. தினமும் தீனி வெக்கற நேரத்துல டேபார்டை லாயக் கதவுல தொங்க விட்டோம், அவளா வந்து மோந்து பாத்தா. நாலு நாள் கழிச்சு தள்ளி நின்னு வெல்க்ரோவைப் பிரிச்சோம், உடனே ஒரு கேரட் துண்டு. அப்புறம் கழுத்துல தேய்ச்சு, முதுகுல போட்டு, எடுத்து, மறுபடி போட்டு. ரெண்டு வாரத்துல வெல்க்ரோ சத்தம் கேட்டாலே கேரட்டுக்கு உதட்டை நீட்ட ஆரம்பிச்சுட்டா. மேல ஏறி உக்காந்துட்டு டேபார்டைப் போடவோ கழட்டவோ மட்டும் செய்யாதீங்க, ரெண்டு கையும் லகானை விட்டிருக்கற நேரம் அது. புதுசா ஒரு சாமான் சேத்தா முதல்ல லாயத்து வளாகத்துக்குள்ள சுத்திட்டு அப்புறம் ரோடு.

மேடம், நான் மதுரையிலேர்ந்து கேர் வேலைக்கு வந்து ஒன்பது மாசம் ஆகுது, வீடு வீடா கார்லதான் போகணும், எல்லாம் கிராமம். குதிரைங்க ரெண்டு ரெண்டா ரோட்டை அடைச்சுட்டு வருது, எனக்கு அடுத்த விசிட்டுக்கு நேரம் ஆகுது. எப்படித் தாண்டறது? அவங்க ஏன் ரோட்டுக்கே வரணும்?
வாசகி, நார்ஃபோக்

உங்க அவசரம் புரியுதும்மா, அடுத்த வீட்டுல மாத்திரைக்குக் காத்திருக்கற ஒருத்தர் இருப்பாங்க. கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன். குதிரைக்குன்னு பிரிடில்வேனு பாதை இருக்கு, ஆனா அது துண்டு துண்டா கிடக்கு, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போக ரோட்டுலதான் வந்தாகணும். அவங்களுக்கும் அந்த ரோட்டுல உரிமை இருக்கு.

ரெண்டு ரெண்டா போறது திமிர்ல இல்ல. ரெண்டு பேர் வரைக்கும் பக்கத்துல பக்கத்துல போக ஹைவே கோடே அனுமதிக்குது, குறுகலான ரோட்டுலயும் வளைவுலயும் ஒத்தையா போகணும். பெரும்பாலும் உள்பக்கம் இருக்கறது சின்னப் பிள்ளையா இருக்கும், இல்ல மிரளற இளம் குதிரையா இருக்கும், வெளிப்பக்கம் அனுபவமுள்ளவங்க சுவர் மாதிரி வர்றாங்க.

தாண்டறது எப்படின்னா, 2022 ஜனவரியில ஹைவே கோடைத் திருத்தினப்போ 215வது விதியில கணக்காவே நம்பர் போட்டுட்டாங்க: குதிரையைப் பாத்ததும் அதிகபட்சம் மணிக்கு 10 மைல், தாண்டும்போது குறைஞ்சது 2 மீட்டர் இடைவெளி. 10 மைல்னா நம்ம கணக்குல 16 கிலோமீட்டர், ரெண்டாவது கியர்ல ஊர்ற வேகம். 2 மீட்டர்னா உங்க கார் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அவ்ளோ இடம் இல்லன்னா பின்னாடியே காத்திருங்க, அகலமான இடம் வந்ததும் அவங்களே ஒதுங்குவாங்க. ஹார்ன் வேண்டாம், நம்ம ஊர்ல ஹார்ன்ங்கறது "நான் வர்றேன்" னு சொல்ற மரியாதை, இங்க குதிரைக்குப் பின்னாடி ஹார்ன் அடிச்சா ஆள் கீழ விழுந்து முதுகெலும்பு போயிடலாம். இன்ஜினை உறுமவும் விடாதீங்க. தாண்டின உடனே ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீங்க, ஒரு அம்பது மீட்டர் அதே வேகத்துல போயிட்டு அப்புறம் ஏத்துங்க. குதிரைமேல இருக்கறவங்க கையை உசத்திக் காட்டினா நில்லுங்கன்னு அர்த்தம். அவங்க தலையை மட்டும் ஆட்டி நன்றி சொன்னா மரியாதைக் குறைவுன்னு நினைக்காதீங்க, அந்த நேரம் லகான்லேர்ந்து கையை எடுக்க முடியாத நிலைமையில இருப்பாங்க.

இதுக்கு மொத்தமா உங்களுக்கு ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ போகும். உங்க ஆபீஸ்ல கேட்டா "குதிரைக்குப் பின்னாடி நின்னேன்" ன்னே சொல்லுங்க, கிராமத்துல வேலை பாக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச காரணம்தான்.

போலீஸ் ஜாக்கெட் மாதிரியே நீல வெள்ளைக் கட்டம் போட்டு "பொலைட்" னு எழுதின டேபார்ட் விக்குதே, அதைப் பாத்தா டிரைவர் பயந்து மெதுவா போறாங்கன்னு சொல்றாங்க. வாங்கலாமா?
வாசகர், ரெடிங்

நான் வாங்க மாட்டேன். இங்கிலீஷ்ல POLITEனு எழுதின அந்த வார்த்தை தூரத்துலேர்ந்து POLICEனே கண்ணுக்குப் படும், அதுக்குத்தான் வாங்கறாங்க. 1996 போலீஸ் சட்டம் 90வது பிரிவுப்படி, பாக்கறவங்களை ஏமாத்தற அளவுக்குப் போலீஸ் மாதிரி தோற்றம் தர்ற சீருடையைப் போடறது குற்றம். கேஸ் நிக்காம போகலாம், ஆனா அந்த அலைச்சல் எதுக்கு? அதுக்கும் மேல, டிரைவர் கிட்ட வந்து பாத்ததும் ஏமாந்துட்டோம்னு கோவம் வந்து விர்ருனு போனா அந்தக் கோவத்தைத் தாங்கறது உங்க குதிரை. முதுகுல "தள்ளி, மெதுவா போங்க" ன்னு சாதாரண இங்கிலீஷ்ல எழுதினது கிடைக்குது, அதுவே போதும்.

லிங்கன்ஷயர்ல புதுசா வீடு வாங்கியிருக்கோம், வயல் நடுவுல குதிரைப் பாதை, காரே வராது. அங்கயும் ஹை-விஸ் தேவையா?
வாசகி, லிங்கன்

தேவை. உங்க பக்கம் ராணுவ விமானமும் ஹெலிகாப்டரும் தாழ்வா பறக்கும் இடம். மேலேர்ந்து பாக்கற பைலட்டுக்கு பழுப்புக் குதிரை நிலத்தோட கலந்துடும், பளிச் நிறம் தெரிஞ்சா விலகிப் போக முயற்சி பண்ணுவாங்க, பாதுகாப்பு அமைச்சகமே குதிரைக்காரங்களை ஹை-விஸ் போடச் சொல்லுது. அதுக்கு டேபார்டைவிட பிட்டத்து மேல விரிக்கற ஷீட்தான் நல்லது, மேலேர்ந்து பாத்தா பரப்பு அதுலதான் இருக்கு.

நியூ ஃபாரஸ்ட் பக்கம் ராத்திரி வரும்போது ரோட்டோரம் கழுத்துல மின்னற பட்டையோட குதிரைங்க நின்னுச்சு, ஆளே இல்ல. அது என்ன?
வாசகர், சவுத்தாம்ப்டன்

அங்க உள்ள மட்டக்குதிரைங்க வேலி இல்லாம திரியறதுங்க, ஆனா ஒவ்வொண்ணுக்கும் சொந்தக்காரர் உண்டு. அவங்கள்ல பலர் கழுத்துல ரிஃப்ளெக்டிவ் பட்டை கட்டி விடறாங்க. எல்லாத்துக்கும் இருக்காது, பட்டை மின்னற ஒண்ணைப் பாத்தா பக்கத்துல பட்டை இல்லாத ரெண்டு நிக்கலாம்னு நினைச்சு ஓட்டுங்க. வேலி இல்லாத ரோட்டுல அங்க எல்லை 40 மைல், ராத்திரி நான் அதுக்கும் கீழதான் போறேன். நான் மேல சொன்ன 215வது விதி இந்தக் குதிரைங்களுக்கும் பொருந்தும்னு கோடுலயே எழுதியிருக்கு.

அக்கா, நாங்க கொடைக்கானல் ஏரி ரோட்டுல டூரிஸ்டுங்களுக்கு குதிரை ஓட்டறோம், மூணு குதிரை இருக்கு. பனி இறங்கினா பத்தடி தள்ளி ஒண்ணும் தெரியாது, டூரிஸ்ட் வேன் எல்லாம் வேகமா வருது. இங்கிலாந்து சாமானெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, என்ன செய்யலாம்?
வாசகர், கொடைக்கானல்

தம்பி, உங்க கேள்வியைத்தான் ரொம்ப நேரம் யோசிச்சேன். ஏரியைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர், காரும் சைக்கிளும் நடக்கறவங்களும் குதிரையும் ஒரே ரோட்டுல, மேல உக்காந்திருக்கறது பெரும்பாலும் முதல் தடவை குதிரை ஏறற குழந்தை. உங்க பொறுப்பு என்னோடதைவிடப் பெருசு.

பனியில வெறும் ரிஃப்ளெக்டிவ் பட்டையை நம்பாதீங்க. ஹெட்லைட் வெளிச்சம் பனி வழியா போய், மறுபடி பனி வழியாவே திரும்பி வரணும், ரெண்டு தடவை அடிபட்டு மங்கிடும். தானே எரியற விளக்குக்கு ஒரு தடவைதான் அடி. அதனால சைக்கிள் கடையில கிடைக்கற சிவப்பு லைட் ஒண்ணை சேணத்துக்குப் பின்னாடி, வெள்ளை லைட் ஒண்ணை மார்புப் பட்டையில, ரெண்டும் வலது பக்கமா மாட்டுங்க, விட்டு விட்டு எரியாம நிலையா எரியற மாதிரி வைங்க, சில குதிரை மினுக்கறதுக்கு மிரளும். பகல் பனியில ஃப்ளோரசன்ட் துணி வேலை செய்யும், ரோடு வேலைக்காரங்க போடற பச்சை மஞ்சள் ஜாக்கெட் எல்லா ஹார்டுவேர் கடையிலயும் கிடைக்கும், லகானைப் பிடிச்சு நடக்கற நீங்க ஒண்ணு போடுங்க, குழந்தைக்கு சின்ன சைஸ் ஒண்ணு வெச்சிருங்க, குழந்தை உயரத்துல உக்காந்திருக்கறதால வேன்காரர் கண்ணுல அதுதான் முதல்ல படும். லாரிக்குப் பின்னாடி ஒட்டற ரிஃப்ளெக்டிவ் டேப்பை ஒரு தோல் பட்டையில தைச்சு கால்ல கட்டலாம், தோல்மேல நேரா ஒட்டிடாதீங்க, முடி பிடுங்கி புண்ணாகும். கட்டின பட்டைக்குள்ள உங்க ஒரு விரல் போகணும், சாயங்காலம் கழட்டிட்டு காலைத் தடவிப் பாருங்க, சூடோ வீக்கமோ இருந்தா அடுத்த நாள் கட்ட வேண்டாம். நீங்க நடக்கும்போது குதிரைக்கு வலது பக்கமா, வண்டிக்கும் குதிரைக்கும் நடுவுல நடங்க.

ராத்திரி மேய விடறீங்கன்னா கழுத்துல ஒரு ரிஃப்ளெக்டிவ் பட்டை போடுங்க, ஆனா இழுத்தா பிரியற மாதிரி, ஒரு இடத்துல வெல்க்ரோவோ மெல்லிய நூலோ வெச்சு கட்டுங்க, கிளையில மாட்டினா கழுத்து இறுகக்கூடாது. பத்தடி தெரியாத பனின்னு நீங்களே சொல்றீங்களே, அந்த நேரம் குழந்தையை ஏத்தாதீங்க தம்பி. வருமானம் போகும்னு தெரியும். பனி விலகற வரைக்கும் குதிரையை ரோட்டை விட்டு உள்ள தள்ளி கட்டிட்டு, லைட்டை அணைக்காம வைங்க.